ராடு, ரீலுக்கு அடுத்த வரியில் குறடையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மதுரைப் பையன்கள் வாரக் கடைசியில் மண்டபம், தேவிபட்டினம், தூத்துக்குடி என்று தூண்டில் போடக் கிளம்புவதைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. முடிவில், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தீர்கள். ராடு, ரீல், பிரெய்டு நரம்பு, லூர் என்கிற செயற்கை இரை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில். தொப்பி வரைக்கும் யோசித்து எழுதியவர் குறடை மறந்துவிட்டார். கடைக்காரர் பாஷையில் சொன்னால் நோஸ் பிளேயர். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், குறடின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நடு ரிவிட்டைப் பற்றியும் கட்டரைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் குறைக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஆரப்பாளையத்துக்காரன். மதுரையில் ஒரு நூல் மில்லில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மீன் பிடிக்கிற பழக்கம் மில் வேலைக்கும் முந்தியது. மேலூர்ப் பக்கம் எங்கள் அம்மா ஊரில், அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே கச்சா, ஊத்தா என்று மீன்பிடிச் சாமான்களோடு உள்ளே இறங்கும். மற்ற நாட்களில் நாங்கள் கரையில் உட்கார்ந்து, மண்புழு மாட்டிக் கெளுத்திக்கும், சின்னத் தவளை மாட்டி விராலுக்கும் தூண்டில் போடுவோம். பிற்பாடு, மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்ற ஒரு சாதாரண நோஸ் பிளேயர் வாங்கிச் சைக்கிள் பெட்டியில் போட்டுவைத்தேன். 12 வருஷம் அது அங்கேயே கிடந்தது. எண்ணெய் காட்டியதுகூடக் கிடையாது. முதல் தடவை மண்டபம் போனபோது அதையே எடுத்துப் போனேன். திரும்பி வந்ததும் பையோடு அப்படியே பரணில் போட்டேன். பத்து நாள் கழித்து எடுத்தால் செங்கல் நிறத்தில் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தும் வாய் திறக்கவில்லை.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால், காய்ந்த பிறகும் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மதுரை வெயிலில் காயவைத்துப் பெட்டியில் வைத்தாலும், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும், உப்புப் படிந்த இரும்பு மறுபடி வியர்த்துவிடும். பரணில் கிடந்த பிளேயரை அழித்தது அதுதான். கடலில் இருந்தது சில மணி நேரம், மீதி வேலையை அது வீட்டில் இருந்தபோதே உப்பு செய்துவிட்டது.

சரி, அடுத்து நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரும் பிளேயரின் பெயரும் இங்கே வேண்டாம். தாடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று அழகாகப் பொறித்திருந்தது. 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஃபிட்டர் வேலை பார்த்த நானே அந்த எழுத்தைப் பார்த்தேனே தவிர, வேறு எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு புரட்டாசி மாதம், என் மகளின் வீட்டுக்காரரும் நானும் மண்டபத்திலிருந்து ஒரு ஃபைபர் வள்ளத்தில் போனோம். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக் கூடாது என்பதால் படகுக்காரர் தீவுகளை விட்டு நன்றாக விலகித்தான் நிறுத்துவார். காலை ஏழு மணி இருக்கும். மாப்பிள்ளையின் லூரில் ஒரு ஊளி மீன் ஏறியது. கை நீளத்துக்கு இருக்கும். அந்த லூரில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, மூன்று முள் உள்ள கொக்கிகள் இரண்டு. பின்கொக்கி மீன் வாயில். படகுக்குள் தூக்கிப் போட்டதும் அது ஒரு துள்ளுத் துள்ளியது. முன்கொக்கி மாப்பிள்ளையின் கட்டைவிரல் அடியில், சதைப்பிடிப்பான இடத்தில் இறங்கிவிட்டது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, முள் கையில் ஏறியது மட்டும் இல்லை. லூரின் ஒரு முனை கையில், மறுமுனை உயிரோடு துள்ளும் மீனில். அது ஒவ்வொரு தடவை உதறும்போதும் முள் இன்னும் உள்ளே போகிறது. நான் இடுப்பு உறையிலிருந்து பிளேயரை உருவினேன். அது திறக்கவில்லை. அதற்கு முன்பு இரண்டே தடவைதான் கடலுக்குக் கொண்டுபோயிருந்தேன். தாடை பளபளவென்று இருக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. ஆனால் மூட்டு கல்லாக இறுகிப்போயிருக்கிறது. படகு ஓரத்தில் ஒரு பிடியை மாட்டி, மறுபிடியைக் காலால் மிதித்துத் திறந்தேன். கொக்கியின் தண்டில் கட்டரை வைத்து என் பலத்தையெல்லாம் போட்டு அமுக்கினேன். கட்டரின் கூர்தான் மழுங்கியது, கொக்கியில் கீறல்கூட விழவில்லை.

"அண்ணே, நகருங்க. கையை ஆட்டாமப் பிடிச்சுக்கங்க, போதும்" என்றார் படகுக்காரர். ஒரு கட்டையால் மீன் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டார். துள்ளல் நின்றது. அப்புறம் இன்ஜின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய கம்பி வெட்டும் பிளேயரை எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தது. ஒரே அமுக்கு, கொக்கித் தண்டு துண்டானது. பாதி முள்ளோடு கரைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளின் நுனியை முன்பக்கமாகவே தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, பின்பக்கமாக நிற்கும் எதிர்முள்ளை வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே எடுத்தார். டெட்டனஸ் ஊசியும் போட்டார். மாப்பிள்ளையின் கை இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அவர் சத்தமே போடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பிளேயரை வைஸில் பிடித்து, நடு ரிவிட்டை அறுத்துப் பிரித்தேன். பார்த்ததும் எல்லாம் விளங்கியது. தாடையும் பிடியும் ஸ்டெயின்லெஸ்தான், அதில் பொய் இல்லை. ரிவிட் மட்டும் சாதா இரும்பு, மேலே முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, ரிவிட்டைச் சுற்றித் துரு உப்பி, மூட்டை ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிட்டது.

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால், அது ஒரு சின்ன பேட்டரி. அதில் ஒன்று அரிபடும், மற்றது தப்பிக்கும். இரும்பும் ஸ்டெயின்லெஸும் சேர்ந்தால் அரிபடுவது இரும்புதான். அதுவும் இரும்பு சிறிதாகவும் ஸ்டெயின்லெஸ் பெரிதாகவும் இருந்தால், அரிப்பு முழுவதும் அந்தச் சின்னத் துண்டின் மேலேயே விழும். எங்கள் மில்லில் காற்றை ஈரமாக வைக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் பித்தளை உறுப்புகளில் போட்ட இரும்பு போல்ட்டுகள் இப்படித்தான் இளைத்துப் போகும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது.  ஆகவே கடையில் பிளேயரைக் கையில் வாங்கியதும் தாடையைப் பார்க்காதீர்கள், நடுவில் இருக்கும் ரிவிட்டைப் பாருங்கள். உடம்பும் ரிவிட்டும் ஒரே நிறமா, ஒரே மினுமினுப்பா? ரிவிட் மட்டும் வெள்ளையாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் முலாமாக இருக்கலாம். ரிவிட்டுக்குப் பதிலாக ஸ்க்ரூவும் நட்டும் போட்ட பிளேயர் கிடைத்தால் இன்னும் நல்லது. கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டலாம், ஆட்டம் கண்டால் இறுக்கலாம்.

அடுத்து அந்த 'ஸ்டெயின்லெஸ்' என்ற வார்த்தை. துருப்பிடிக்காத எஃகு என்று தமிழில் எழுதுகிறோம். மெதுவாகத் துருப்பிடிக்கும் எஃகு என்பதுதான் கடலுக்குச் சரி. எஃகில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கும். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தின மாதிரி அங்கங்கே துளைக்கும். அதனால்தான் கடலுக்குப் போன ஸ்டெயின்லெஸில் துரு பரவலாக வராமல் புள்ளி புள்ளியாக வருகிறது. வீட்டுப் பாத்திரங்களிலும் வரும் ஒரு ரகம் 304. 316 என்ற ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் அது கடல் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் இந்த இரண்டு ரகத்தையும் பட்டறையில் சூடாக்கி நனைத்துக் கடினப்படுத்த முடியாது, கூர் நிற்காது. கூர் நிற்க வேண்டுமென்றால் 420 மாதிரி கார்பன் உள்ள ரகம் வேண்டும். அது கடினமாகும், ஆனால் துருவைத் தாங்குவதில் 316-க்குக் கீழேதான்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். 304, 316 இரண்டிலும் காந்தம் ஒட்டாது, இல்லை லேசாகத்தான் இழுக்கும். 420-இல் நன்றாக ஒட்டும். காந்தம் ஒட்டினால் போலி என்று சில பையன்கள் கடையில் சண்டைக்குப் போகிறார்கள், அது தவறு. வெட்டும் வேலை உள்ள பிளேயரில் காந்தம் ஒட்டுவது இயல்பு. உடம்பில் ஒட்டாமல் ரிவிட்டில் மட்டும் பட்டென்று ஒட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

குரோம் முலாம் பூசிய சாதா எஃகுப் பிளேயரும் உண்டு. பார்க்க மிகப் பளபளப்பாக இருக்கும். அந்த முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், வெட்டும் முனையிலும் மூட்டிலும் சீக்கிரமே தேய்ந்துவிடும். கண்மாய்க்கு அது போதும், கடலுக்கு வேண்டாம்.

இப்போது நிறைய வருவது அலுமினியப் பிளேயர். நீலம், சிவப்பு, ஆரஞ்சு என்று அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு பூச்சு ஏற்றிய, நிறங்களில் தொங்கும். எடை குறைவு, இடுப்பில் இருப்பதே தெரியாது. என்னிடம் இப்போது இருப்பதும் அதுதான், 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் இதிலும் நான் மேலே சொன்ன பேட்டரிக் கதை உண்டு, ஆள் மட்டும் மாறும். அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் தாடையைச் சேர்த்தால் அரிபடுவது அலுமினியம். அனோடைஸ் பூச்சு இருக்கும் வரை பயமில்லை. கீறல் விழுந்து, ஸ்க்ரூ ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அங்கே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாங்கின அன்றைக்கே ஸ்க்ரூக்களைக் கழற்றி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். பிற்பாடு கழற்ற வரும், அரிப்பும் தள்ளிப்போகும். டைட்டானியத்தில்கூடப் பிளேயர் வருகிறது. கடல் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் விலை பல ஆயிரம், அது இல்லாமலே மீன் பிடிக்கலாம்.

கட்டருக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் கை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். தூண்டிலில் வெட்ட வேண்டியவை மூன்று. ஒன்று, பிரெய்டு. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நரம்பு. மெல்லியது, வழுக்கும், நசுங்குமே தவிர லேசில் அறுபடாது. இரண்டு, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பும் பல்லுள்ள மீன்களுக்குப் போடும் ஒயரும். மூன்று, கொக்கி. இது கார்பன் எஃகைக் கடினப்படுத்திச் செய்வது. இந்த மூன்றையும் ஒரே கட்டர் வெட்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மீன்பிடிப் பிளேயர்களில், அதிலும் அலுமினியப் பிளேயர்களில், பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கட்டர் பெரும்பாலும் பிரெய்டுக்காக வைத்தது. பல பிளேயர்களில் டங்ஸ்டன் கார்பைடு போட்டிருப்பார்கள். லேத் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், டிப் டூலில் வரும் அதே பொருள்தான். மிகக் கடினம், கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அந்தக் கட்டரில் கொக்கியை வைத்து அமுக்கினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் போய்விடும், தெறிக்கும் துண்டு கண்ணுக்கும் ஆபத்து. என்னுடைய பழைய பிளேயரின் கட்டர் மெத்தென்ற எஃகு, அதனால் மழுங்கியதோடு விட்டது. இரண்டுமே கொக்கிக்கு உதவாது.

அதனால் கொக்கி வெட்டுவதற்கென்று தனியாக ஒன்று வேண்டும். கடினக் கம்பி வெட்டும் கனமான சைடு கட்டரோ, கையடக்கமான சின்ன போல்ட் கட்டரோ போதும். இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். அது ஸ்டெயின்லெஸாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் இருக்கும். படகுக்காரர் வைத்திருந்தது அப்படித்தான். அவர் பிளேயரின் அழகைப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் அன்றைக்கு வெட்டியது அதுதான். ஆபத்தில்லாத நேரத்தில், வீட்டில், உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய கொக்கியை ஒரு துணியால் மூடிக்கொண்டு அதில் வைத்து ஒரு முறை வெட்டிப் பாருங்கள். வெட்டினால் மட்டும் பைக்குள் போகட்டும்.

பிரெய்டு கட்டரைச் சோதிக்க, உங்கள் ரீலில் இருந்து ஒரு முழம் நரம்பைக் கிள்ளிக் கடைக்கு எடுத்துப் போங்கள். நரம்பை இழுத்துப் பிடிக்காமல் தொங்கவிட்டு ஒரு முறை வெட்டுங்கள். சுத்தமாக விழ வேண்டும். மசமசவென்று நார் நாராக நின்றால் கட்டரின் இரண்டு விளிம்பும் சேரவில்லை. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் தெரியும், விளிம்புகளுக்கு நடுவே ஒளிக்கீற்று வரக் கூடாது. மூக்கு நுனியும் அதே போல ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நுனி பொருந்தி நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் குற்றமில்லை, அமுக்கும்போது சேரும். நுனி விலகி நடு மட்டும் சேர்ந்தால் அது முள்ளைப் பிடிக்காது. கட்டர் ஸ்க்ரூ போட்டு மாட்டியதா, மாற்றுக் கட்டர் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மூக்கின் நீளம் நீங்கள் பிடிக்கும் மீனைப் பொறுத்தது. சங்கரா, ஓரா, சின்னப் பாறை என்றால் ஆறு அங்குலப் பிளேயர் போதும். வஞ்சிரம், ஊளி மாதிரி பல்லுள்ளவை என்றால் எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். உங்கள் விரலுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே இருக்கும் தூரம் அந்த மூக்குதான். கெளுத்தி வந்தால் இன்னும் கவனம். கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விஷ முள் உண்டு. மீனைக் கையால் தொடவே வேண்டாம். கொக்கித் தண்டைப் பிளேயரால் பிடித்து, மீனைத் தொங்கவிட்டு, கொக்கியைத் தலைகீழாக ஒரு திருப்புத் திருப்பி உதறினால் மீன் தானாக விழுந்துவிடும். ஓராவின் முதுகு முள்ளிலும் விஷம் உண்டு. அழகான சின்ன மீன்தானே என்று பையன்கள் கையால் பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. முள் குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும், அப்புறம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிடியில் ஸ்பிரிங் இருக்க வேண்டும். ஒரு கையில் மீன், ஒரு கையில் பிளேயர் என்னும்போது தானாகத் திறக்கும் பிளேயர்தான் உதவும். கடையிலேயே கையை நனைத்துக்கொண்டு ஒரு கையால் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். எனக்கு இதற்குத் தண்ணீர் கொடுத்த கடைக்காரர், எதற்கு என்று கேட்டுவிட்டு, அடுத்து வந்தவருக்கும் அவரே சொல்லிக் கொடுத்தார். பிடியில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால், அதன் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். எளிதாகத் தூக்க முடிந்தால் அதற்குள் கடல் தண்ணீர் புகுந்து தங்கும், உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. லூர் போடுகிறவர்களுக்கு, லூரில் கொக்கியை மாட்டும் வளையத்தைத் திறக்க மூக்கு நுனியில் ஒரு சின்னப் பல் தேவை. உங்கள் வளையம் ஒன்றைக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள், பல் தடிமனாக இருந்தால் சின்ன வளையத்துக்குள் நுழையாது. பிளேயருக்குக் கயிறு கட்டாமல் படகில் ஏறாதீர்கள், உலோகப் பிளேயர் மிதக்காது.

இன்னொரு வேலையையும் பிளேயரை வைத்துப் புறப்படும் முன்னாலேயே செய்துவிடலாம். கொக்கியின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்கிற எதிர்முள்ளைத் தட்டை மூக்கால் அமுக்கி நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. சின்ன மீனை உயிரோடு திரும்ப விடவும் எளிது. கையில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். மாப்பிள்ளை இப்போது இதைச் செய்யாமல் லூரைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. முகத்திலோ கண்ணுக்குப் பக்கத்திலோ ஏறிய கொக்கியை மட்டும், எதிர்முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரும் தொடக் கூடாது. நரம்பை அறுத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். நான் இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோவேன். கரை ஏறியதும் பிளேயரைத் திறந்து மூடித் திறந்து மூடி அதிலேயே கழுவுவேன். வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம் என்றால், மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. எங்கள் தெருவிலும் அப்படித்தான், குடத்தில் கறை பிடிக்கிற தண்ணீர். கழுவுவதற்குக் குடிக்கிற தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். துடைத்து, வாய் திறந்த நிலையில் ஜன்னலில் ஒரு நாள் வைத்துவிட்டு, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். மில்லில் நாங்கள் ஸ்பிண்டில் ஆயில் விடுவோம், அந்த அளவு மெல்லிய எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான உறைக்குள் பிளேயரைத் திரும்பச் செருகி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காற்றுப் புகாத ஈர இடுக்கில் ஸ்டெயின்லெஸின் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் கிடைக்காது, 316 ஆனாலும் அங்கே அரிக்கும். உறையைத் தனியாக அலசிக் காயப்போடுங்கள். ஏற்கனவே இறுகிப்போன பிளேயர் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள், பல சமயம் திரும்பி வரும். ஆனால் அதை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், படகில் ஏற்ற வேண்டாம்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எனக்கு விற்றவருக்கும் அந்த ரிவிட் என்ன இரும்பு என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மதுரையில் தூண்டில் சாமான் விற்கும் கடைகள் இப்போது பெருகிவிட்டன. வாங்க வருவது பெரும்பாலும் கடலையே மாதம் ஒரு தடவை பார்க்கிற பிள்ளைகள். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது, உடம்பு என்ன ரகம், ரிவிட் என்ன ரகம், கட்டர் எதை வெட்டும் என்று மூன்று கேள்வி கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பிளேயர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 'கொக்கியை வெட்டாது' என்று எழுதினால் விற்பனை குறைந்துவிடாது. பக்கத்திலேயே ஒரு கம்பி கட்டரையும் சேர்த்து விற்கலாம்.

உங்கள் கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாகப் போட்டிருந்தது. அதில் மறுபடியும் பட்டியல் வந்தால் ராடு, ரீலுக்கு அடுத்த வரியில் 'மூட்டு இறுகாத நோஸ் பிளேயர் ஒன்று, கொக்கி வெட்டும் கட்டர் ஒன்று' என்று சேர்த்துவிடுங்கள். தொப்பி அதற்குக் கீழே வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் ஃபிட்டர்,
ஆரப்பாளையம், மதுரை.